பாறையில் உள்ள சுழலுக்கும் கொம்பு மனிதனுக்கும் என்ன பொருள்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எடுத்த ஒரு படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பாறை முகத்தில் ஒரு சுழல், கொம்பு முளைத்த ஒரு மனித உருவம், பக்கத்தில் நாலைந்து ஆடுகள். சுழல் என்றால் ஆன்மாவின் பயணம், கொம்பு என்றால் ஷாமன் (ஆவிகளோடு தொடர்புகொள்பவராகக் கருதப்படும் பூசாரி), ஆடு என்றால் துணை ஆவி என்று ஒரு பட்டியலில் படித்தாராம். அது சரிதானா என்று கேட்கிறார்.

அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாம். வட அமெரிக்கப் பழங்குடிகளின் பாறைப் படங்களுக்கு அகராதி கிடையாது, இருக்கவும் வழியில்லை. நெவாடாவில் வற்றிப்போன வின்னமக்கா ஏரியின் கரையில் உள்ள செதுக்கல்களுக்குக் குறைந்தது 10,500 வயது, 14,800 வரைகூடப் போகலாம் என்று 2013-ல் கணக்கிட்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ரைட்டிங்-ஆன்-ஸ்டோன் என்ற இடத்திலோ, பர்ட் ராட்டில் என்ற பீகானிப் பழங்குடிப் பெரியவர் 1924-ல் தான் வந்திறங்கிய மோட்டார் கார்களையே பாறையில் கீறிவிட்டுப் போயிருக்கிறார். இவ்வளவு நீண்ட காலத்தில் அந்தக் கண்டத்தில் எத்தனை மொழிகள், எத்தனை மதங்கள், எத்தனை விதமான பிழைப்புகள்! அத்தனை பேருக்கும் சுழல் ஒரே பொருள் தந்திருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. தென்மேற்கு அமெரிக்கப் பழங்குடிகளான ஹோபி, ஜூனி மக்களிடையே அதை முன்னோர் அலைந்து திரிந்து தங்கள் மண்ணைக் கண்டடைந்த பயணம் என்பவர்கள் உண்டு. தண்ணீர் என்றோ காற்று என்றோ சொல்பவர்களும் உண்டு. சில இடங்களில் அது சூரியனை வைத்து நாள் பார்க்கும் குறி.

யார் வரைந்தார்கள், எந்தக் காலத்தில், அந்த இடத்தில் வேறு என்னென்ன நடந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொருளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். உங்கள் படத்தில் இருக்கும் மனித உருவத்தின் உடல் மேலே அகலமாகவும் இடுப்பில் குறுகியும் இருந்தால், காதோரமும் கழுத்திலும் அணிகலன் போல ஏதாவது தெரிந்தால், அது ஃப்ரீமாண்ட் பண்பாட்டைச் சேர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய கி.பி. 300 முதல் 1300 வரை யூட்டாவில் சோளம் பயிரிட்டும் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள் அவர்கள். அதே உடலமைப்பில், கழுத்து மாலையோடு அவர்கள் செய்த சிறு களிமண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. 1950-ல் கண்டெடுத்த பில்லிங் பொம்மைகள்தான் இதில் பேர்போனவை. பாறையில் காணும் மாலையும் தலை அலங்காரமும் கற்பனையில் உதித்தவையாக இருக்க வேண்டியதில்லை, ஆட்கள் நிஜமாகவே அணிந்த கோலமாக இருக்கலாம் என்று இதை வைத்துச் சொல்ல முடிகிறது. ஷாமன் என்று சொல்ல இது மட்டும் போதாது. தலைவனாக இருக்கலாம், ஆட்டக்காரனாக இருக்கலாம், கதையில் வரும் மூதாதையாகவும் இருக்கலாம்.

வரைந்தவர்களின் வழிவந்தவர்களே சொன்ன விளக்கம் கையில் இருக்கும் இடங்கள் சில உண்டு. அங்கிருந்து தொடங்குவதுதான் நல்லது. பட்டியல்கள் எவ்வளவு தூரம் தவறிப்போகும் என்பது அங்கேதான் தெரியும்.

அரிசோனாவில் டூபா சிட்டிக்கு மேற்கே டுடுவேனி என்றொரு இடம். மணற்பாறைகளில் ஏறத்தாழ 5,000 குறிகள் இருக்கின்றன: கரடிப் பாதம், சோளக்கதிர், மேகம், சிலந்தி, சூரியன். விவரம் தெரியாமல் பார்ப்பவர் இதை ஒரு பெரிய தெய்வ உலகம் என்றுதான் எழுதுவார். ஒரே குறி ஒரே அளவில் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு மந்திரம் ஜெபித்தது போல என்றும் சேர்த்துக்கொள்வார். ஹோபிகள் சொன்ன விளக்கமே வேறு. கிராண்ட் கேன்யனுக்குப் போய் உப்பு எடுத்து வருவது அவர்களுக்கு ஒரு புனித யாத்திரை, ஆண்பிள்ளைகள் பெரியவர்களாகும் சடங்கோடு சேர்ந்தது. போகும் வழியில் இந்தப் பாறையில் நின்று ஒவ்வொருவரும் தன் குலச்சின்னத்தைச் செதுக்குவார். அடுத்த யாத்திரையில் பழையதன் பக்கத்திலேயே இன்னொன்று. ஒரு வரிசை என்பது பெரும்பாலும் ஒரு ஆளோ ஒரு குலமோ பலமுறை வந்து போனதன் பதிவு. இதில் ஆன்மிகம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ஆனால் அது கரடிப் பாதத்தின் வடிவத்தில் ஒளிந்திருக்கவில்லை. அந்தப் பயணத்திலும், அந்தப் பாறையின் முன் நின்று குலத்தின் பெயரைப் பதிப்பதிலும் இருக்கிறது. தனித்தனிக் குறிகளைப் பிய்த்து எடுத்துப் பொருள் தேடினால் இதைத் தவறவிட்டுவிடுவோம்.

கனடாவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள அகாவா பாறை இன்னொரு விதம். செங்குத்தான பாறை, கீழே ஏரி, காவி நிறத்தில் படங்கள். முதுகெல்லாம் முள், தலையில் கொம்பு, நீண்ட வாலோடு ஒரு மிருகம். கீழே பாம்புகள், பக்கத்தில் தோணி. அமெரிக்க அரசின் அதிகாரியாக இருந்த ஹென்றி ஸ்கூல்கிராஃப்டுக்கு ஷிங்வாக் என்ற ஓஜிப்வே பழங்குடித் தலைவர் இந்தப் பாறையின் படங்களை மரப்பட்டையில் வரைந்து காட்டி விளக்கினார். அது 1851-ல் அச்சில் வந்தது. ஆனால் பாறை எங்கே இருக்கிறது என்று வெளியாட்களுக்குத் தெரியவில்லை. செல்வின் டியூட்னி என்ற ஓவியர் தேடி அலைந்து 1958-ல்தான் கண்டுபிடித்தார். ஷிங்வாக் சொன்னபடி இது மியீங்குன் என்ற தலைவன் போர்வீரர்களோடு ஏரியைக் கடந்த கதை. தோணிகள் அவனுடைய படை, வட்டங்கள் பயணத்தில் கழிந்த நாட்கள், ஆமை அவர்கள் கரை சேர்ந்ததற்கு அடையாளம், கொம்பு மிருகம் மிஷிபெஷு. வாலை அடித்தால் ஏரியில் புயல் எழுப்பும் நீர்ச் சிறுத்தை அது. அந்த ஏரியைத் தோணியில் கடப்பவன் அதன் தயவில்லாமல் கரை சேர முடியாது. ஆக ஒரே படத்தில் வரலாறும் இருக்கிறது, வேண்டுதலும் இருக்கிறது, வெற்றிக்குப் பின் சொன்ன நன்றியும் இருக்கலாம். நாம்தான் இது ஆன்மிகம், இது சரித்திரம் என்று பிரித்து வைத்துப் பழகியிருக்கிறோம். இன்னொரு சின்ன விஷயம்: அங்கே குதிரையில் ஏறிய ஆளின் உருவமும் உண்டு. குதிரை ஐரோப்பியர்களோடு வந்தது என்பதால் அந்தப் படமாவது அதற்குப் பிந்தியது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

கனடாவின் அந்தப் பகுதியைப் பேசும்போது பாறையையே பார்க்க வேண்டும். ஓஜிப்வேக்களின் நம்பிக்கையில் நீரோரப் பாறை வெடிப்புகளுக்குள் குள்ளமான ஆவிகள் குடியிருக்கின்றன. சக்தி உள்ளவன் பாறைக்குள் போய் அவற்றிடம் புகையிலை கொடுத்து மருந்து வாங்கி வரலாம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், படம் ஏன் வெடிப்பின் ஓரத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது என்பது விளங்கும். ஒன்டாரியோவில் பீட்டர்பரோ அருகே தரையோடு கிடக்கும் வெள்ளைச் சலவைக்கல்லில் சுமார் 900 உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் ஆழமான பிளவுகளுக்குள்ளிருந்து அடியில் ஓடும் தண்ணீரின் சத்தம் பேச்சுக்குரல் போலக் கேட்கும். எத்தனையோ கல் இருக்க இந்தக் கல்லை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு அதுவே பாதி பதில் என்று நினைக்கிறேன். மழையும் பனியும் அரிக்காமல் இருக்க 1980களில் அதன் மேல் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். கல் பிழைத்தது, ஆனால் திறந்த வானமும் காற்றும் போய்விட்டன. அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை.

சரி, ஷாமன் விஷயத்துக்கு வருவோம். இந்தச் சொல் ஏன் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1988-ல் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ், தாமஸ் டவ்சன் என்ற தொல்லியலாளர்கள் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தன்னிலை மறந்த நிலையில் மூளை தானாகவே புள்ளி, கட்டம், வளைகோடு, கோணல்மாணல் கோடு ஆகியவற்றைக் காண்கிறது. மனித மூளை எங்கும் ஒன்றுதான். ஆகவே இந்த வடிவங்கள் பாறையில் இருந்தால் அவை அந்த நிலையில் கண்ட காட்சிகளாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். தென்னாப்பிரிக்க சான் மக்களின் ஓவியங்களில் இது நன்றாகப் பொருந்தியது. சான் மக்கள் தங்கள் குணமாக்கும் நடனத்தைப் பற்றிச் சொன்னவை எழுத்தில் இருந்ததால் கைப்பிடி கிடைத்தது. கைப்பிடி இல்லாத இடங்களுக்கும் இதை எடுத்துப் போனதுதான் வினை. கோணல் கோடு மின்னலாகவும் இருக்கலாம், மலைத்தொடராகவும் இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம். கூடை முடைகிறவர் தினமும் பார்க்கிற வடிவமும் அதுவே.

உங்கள் படத்தில் உள்ள ஆடுகளுக்கு இந்தச் சண்டை நேரடியாகத் தொடர்புடையது. கலிபோர்னியாவின் கோசோ மலைத்தொடரில், இப்போது கடற்படைத் தளமாக இருக்கும் இடத்தில், ஆயிரக்கணக்கான செதுக்கல்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ பாதி பெருங்கொம்பு ஆடுகள். வேட்டை நன்றாக அமைய வேண்டி வரைந்தார்கள் என்று 1962-ல் ஹைசர், பாம்ஹாஃப் என்ற தொல்லியலாளர்கள் சொன்னார்கள். டேவிட் விட்லி என்ற தொல்லியலாளர் 1990களில் அதை மறுத்தார். ஆடு கொல்லப்பட்டால் மழை வரும், ஆட்டைக் கனவில் காண்பவனுக்கு மழையை அழைக்கும் சக்தி உண்டு என்ற நம்பிக்கை தெற்குப் பையூட் மக்களிடம் பதிவாகியிருக்கிறது. ஆகவே கொல்லப்படும் ஆடு ஷாமன் மழைக்காகச் செய்த சடங்கின் படம் என்றார். அழகான விளக்கம்தான். ஆனால் 1930களில் பதிவான நம்பிக்கையை அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய செதுக்கலின் மேல் ஏற்ற முடியுமா, இரண்டையும் ஒரே சமூகம்தான் செய்ததா என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. என் கருத்து: வேட்டையும் மழையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. மழை பெய்தால்தான் புல், புல் இருந்தால்தான் ஆடு. அந்த வறண்ட நிலத்தில் வாழ்ந்தவருக்கு இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அவசியமே வந்திருக்காது.

ஷாமன் வாதத்துக்கு வந்த நல்ல சோதனை 2020-ல் கலிபோர்னியாவின் பின்வீல் குகையிலிருந்து வந்தது. சூமாஷ் மக்களின் எல்லைப்பகுதி அது. குகைக் கூரையில் சிவப்பு நிறத்தில் காற்றாடி போல ஒரு படம், ஐந்து இதழும் ஒரு பக்கமாகச் சுழன்று திரும்பியிருக்கும். அதைச் சுற்றியுள்ள கூரை வெடிப்புகளில் மென்று துப்பிய நார் உருண்டைகளைச் செருகி வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் அவை ஊமத்தை இனத்தைச் சேர்ந்தவை, பல்லால் மென்ற தடமும் இருந்தது. போதையூட்டும் செடியை அந்த ஓவியத்துக்குக் கீழேயே உட்கொண்டதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது. அப்படியானால் ஷாமன் வாதம் வென்றுவிட்டதா? அங்கேதான் சுவாரசியம். படம் மயக்கத்தில் கண்ட காட்சி போல இல்லை. அந்தி நேரத்தில் முறுக்கு அவிழ்ந்து விரியும் ஊமத்தம்பூ போலத்தான் இருக்கிறது. பக்கத்தில் உள்ள உருவம் அந்தப் பூவில் தேன் குடிக்க வரும் பெரிய அந்துப்பூச்சியாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மேலும் குகையில் சமைத்த தடயமும் கருவிகளும் கிடைத்தன. யாரோ ஒரு ஷாமன் தனியே மறைந்திருந்து செய்த காரியம் போல இல்லை. பலர் கூடும் இடத்தில், இங்கே என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்படி வரைந்த படம். சாத்தியமான ஒரே விளக்கம் என்று நம்பிக்கொண்டிருந்ததை நாலு நார் உருண்டை மாற்றிவிட்டது.

டெக்ஸாஸில் பேகோஸ் ஆறும் ரியோ கிராண்டும் சேரும் இடத்துக்கு அருகே வெள்ளை ஷாமன் என்று பெயர் வைத்த சுவரோவியம் இருக்கிறது. 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. பல தலைமுறைகள் வந்து வந்து வரைந்த கலவை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். தொல்லியலாளர் கரோலின் பாய்டின் குழு நுண்ணோக்கி வைத்து எந்த நிறம் எதன் மேல் படிந்திருக்கிறது என்று இடம் இடமாகப் பார்த்தது. முதலில் கறுப்பு, அப்புறம் சிவப்பு, அப்புறம் மஞ்சள், கடைசியில் வெள்ளை. சுவர் முழுக்க இதே வரிசை. ஒரு உருவத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போயிருந்தால் இப்படி வந்திருக்காது. முழுப் படத்தையும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை நான் முழுக்க நம்புகிறேன். இதற்கு மேல் பாய்ட் சொல்வது, இது சூரியன் பிறந்த கதை, மெக்சிகோவின் விசாரிகா மக்கள் பெயோட்டே என்ற கள்ளிச் செடியைத் தேடிப் போகும் யாத்திரையோடு ஒத்துப்போகிறது என்பது. கொம்பு நுனியில் கறுப்புப் புள்ளி வைத்த மானை அந்தச் செடியோடு இணைக்கிறார். அப்பகுதிக் குகைகளில் சுமார் 5,700 ஆண்டுப் பழைய பெயோட்டே கிடைத்திருப்பது அவருக்குப் பலம். ஓவியத்துக்கும் இன்றைய விசாரிகா சடங்குக்கும் இடையில் இருக்கும் இரண்டாயிரம் ஆண்டு அவருக்குப் பலவீனம். நிறங்களின் வரிசை சான்று, கதை வாதம். நல்ல வாதம்தான், ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அப்புறம், எந்தக் கைப்பிடியும் கிடைக்காத இடங்கள். உங்கள் யூட்டாவிலேயே ஹார்ஸ்ஷூ பள்ளத்தாக்கில் கிரேட் கேலரி இருக்கிறது. கையும் காலும் இல்லாமல், பெரிய கண்களோடு, ஆளுயர உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் உள்ள உயரமான உருவத்துக்கு ‘பரிசுத்த ஆவி’ என்று பெயர் வைத்தது பின்னால் வந்தவர்கள். பார்ப்பவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டே நிமிர்ந்து பார்க்கிறார்கள். இவை பல ஆயிரம் ஆண்டுப் பழையவை என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2014-ல் வந்த ஆய்வு, சரிந்து விழுந்த பாறை எப்போது விழுந்தது, அதன் அடியில் போன மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று அளந்து, கி.பி. 1-க்கும் 1100-க்கும் இடையில் வரைந்திருக்கலாம் என்றது. அப்படியானால் ஃப்ரீமாண்ட் ஆட்களின் காலமும் இதுவும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. வேட்டைக்காரர்களின் ஆதி மதம் என்று எழுதிய பக்கங்களை எல்லாம் திரும்ப யோசிக்க வேண்டியதாயிற்று.

வானியல் விளக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் ஃபஹாடா குன்றின் மேல், மூன்று கற்பலகைகளின் இடுக்கு வழியாக விழும் ஒளி, ஆண்டின் மிக நீண்ட பகலன்று பெரிய சுழலின் நடுவே கத்தி போல இறங்கும். அன்னா சோஃபேர் என்ற கலைஞர் 1977-ல் இதைக் கவனித்தார். ஆட்கள் ஏறி ஏறி மண் அரித்து, பலகைகள் நகர்ந்துவிட்டது 1989-ல் தெரியவந்தது. இப்போது யாரையும் விடுவதில்லை. இதுபோன்ற இடங்களில் சுழலுக்குச் சூரியத் தொடர்பு சொல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் இதை வைத்தே நாள்காட்டி நடத்தினார்கள் என்பதை மைக்கேல் ஸைலிக் என்ற வானியலாளர் ஏற்கவில்லை. ப்யூப்ளோ என்ற அப்பகுதிப் பழங்குடிகளின் ஊர்களில் சூரியன் எழும் இடத்தை அடிவானத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள், குன்றின் மேல் இருப்பது வழிபாட்டிடமாக இருக்கலாம் என்றார். அதே பள்ளத்தாக்கில் நட்சத்திரம், பிறை, கை என மூன்று உருவம் சேர்ந்த ஓவியத்தை 1054-ல் வானில் தெரிந்த சூப்பர்நோவா (வெடித்துச் சிதறிய நட்சத்திரம்) என்று சொல்வதுண்டு. நடந்திருக்கலாம். நட்சத்திரமும் பிறையும் ஒன்றாகத் தெரிய வெள்ளி கிரகமே போதும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு யூட்டாவிலேயே ஒரு உதாரணம். பிளாக் டிராகன் பள்ளத்தாக்கில் சிறகு விரித்த பறக்கும் ஊர்வன ஒன்றின் படம் இருப்பதாகப் பல காலம் பேசினார்கள். மனிதன் அந்த மிருகத்தை நேரில் பார்த்தான் என்பதற்கு அத்தாட்சி என்றுகூட எழுதினார்கள். 1947-ல் ஒருவர் மங்கிய ஓவியத்தைச் சுண்ணக்கட்டியால் சுற்றி வரைந்ததில் பிறந்த உருவம் அது. 2015-ல் நிறத்தைப் பிரித்துக்காட்டும் மென்பொருளாலும் எக்ஸ் கதிர்க் கருவியாலும் பார்த்தபோது, அது தனித்தனி உருவங்கள் என்று தெரிந்தது. பெரிய கண் கொண்ட ஒரு மனிதர், குனிந்தாற்போல இன்னொருவர், ஆடு, நாய், பாம்பு. தலையும் சிறகும் சேர்த்தது சுண்ணக்கட்டி.

வழிவந்தவர்களிடம் கேட்பது பற்றி இரண்டு விஷயம். அவர்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்காது. 1980களில் ஜேன் யங் என்ற ஆய்வாளர் ஜூனி மக்களோடு இருந்து கேட்டபோது ஒரே படத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பொருள் நமக்குத் தெரியாது என்றவர்களுக்கும் அந்தப் படம் முன்னோர் விட்டுப்போன பேச்சாகவே இருந்தது. இன்னொன்று, தெரிந்தாலும் சொல்லாமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. பல ப்யூப்ளோக்களில் சடங்கு அறிவு அதற்குரியவர்களுக்கு மட்டும்தான். நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி நகரை ஒட்டிய பெட்ரோகிளிஃப் தேசிய நினைவிடத்தில் சுமார் 24,000 செதுக்கல்கள் உள்ளன, அவற்றில் கட்சினா என்ற ஆவிகளின் முகங்களும் உண்டு. அந்த எரிமலைப் பாறை முழுவதையும் வழிபாட்டிடமாகக் கருதும் ப்யூப்ளோக்கள் அதன் ஊடாகச் சாலை போடுவதை எதிர்த்தார்கள். படங்கள் எதையும் தொடாமல்தானே போகிறது என்பது எதிர்த்தரப்பின் பதில். படம் மட்டும்தான் புனிதம் என்று நினைப்பவர்களுக்கு அவர்கள் பேசியது புரியவே இல்லை. 2007-ல் சாலை வந்துவிட்டது.

இனி உங்கள் படத்துக்கு. சுழலையும் கொம்பு உருவத்தையும் நெருங்கி எடுத்திருக்கிறீர்கள், அதனால் என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. மறுபடி போனால் இருபது முப்பது அடி தள்ளி நின்று பாறை முழுவதும் வரும்படி ஒன்று எடுங்கள். பாறை எந்தத் திசை பார்க்கிறது, தண்ணீர் எவ்வளவு தூரம், பழைய பாதையோ குடியிருப்புத் தடமோ இருக்கிறதா, கோடு வெடிப்புக்குள் போகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். செதுக்கலுக்குள் உள்ள கறுப்பும் பாறையின் கறுப்பும் ஒரே அளவா என்றும் பாருங்கள். சுழல் கறுத்தும் ஆடு வெளிறியும் இருந்தால் இரண்டும் வேறு வேறு காலத்தவையாக இருக்கலாம். அப்போது அவற்றைச் சேர்த்து ஒரு கதை கட்ட முடியாது. கை வைக்காதீர்கள், சுண்ணக்கட்டி வேண்டவே வேண்டாம், இருப்பிடத்தோடு பொதுவில் போடாதீர்கள். ஓவியமாக இருந்தால் ஜான் ஹார்மன் எழுதிய டீஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளில் போட்டுப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத சிவப்பு மேலே வரும். அந்த முழுப் படத்தை அனுப்பினால் ஆடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதிலிருந்து பேசத் தொடங்கலாம்.